பாலத்துக்கு நாடி பார்க்கும் பறக்கும் டாக்டர்!

மனிதனுக்குக் காய்ச்சல் வருகிறது. மாட்டுக்குக் கோமாரி வருகிறது. பாலத்துக்கு நோய் வருமா?

வரும். சத்தம் போடாமல் வரும்.

மனிதனுக்கு நோய் வந்தால் முனகுவான். மாடு தீனி எடுக்காது. பாலம் முனகாது. நேற்று நின்ற மாதிரியே இன்றும் நிற்கும். பஸ் போகும். கரும்பு லாரி போகும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சைக்கிளில் போவார்கள். நோய் உள்ளே வளர்ந்து கொண்டே இருக்கும்.

அந்த நோயைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு புதிய டாக்டர் வந்திருக்கிறார். அவருக்குக் கால் இல்லை. பறந்து வருகிறார். அவருடைய பெயர் "டிரோன்". அவர் எடுக்கும் படங்களைப் பார்த்து, "இதோ வெடிப்பு, இதோ துரு" என்று சொல்ல இன்னொரு எந்திரம் இருக்கிறது. அதற்குப் பெயர் "செயற்கை நுண்ணறிவு". ஆங்கிலத்தில் சுருக்கமாக "ஏ.ஐ." என்கிறார்கள்.

அக்கரையும் இக்கரையும்

பாலத்தின் அருமையைக் கச்சிராயபாளையத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இல்லை.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கிறது கச்சிராயபாளையம். அதற்குப் பின்னால் சுவர் எழுப்பினாற்போல் கல்வராயன்மலை. மலையில் இருந்து கோமுகி ஆறு இறங்கி வருகிறது. ஊருக்குப் பக்கத்திலேயே கோமுகி அணை. அணையின் முழு உயரம் 46 அடி.

மலை ஆற்றுக்கு ஒரு குணம் உண்டு. மேலே மலையில் மழை கொட்டும். கீழே வெயில் காயும். "மழையே இல்லையே" என்று ஆற்றில் இறங்கினால், திடீரென்று செந்நிறத்தில் தண்ணீர் வந்துவிடும். மலைக்குள்ளோ கேட்கவே வேண்டாம். ஊருக்கு ஊர் ஓடை. ஓடைக்கு ஓடை தரைப்பாலம். தரைப்பாலம் மூழ்கினால் அக்கரை அக்கரைதான், இக்கரை இக்கரைதான். பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரி அக்கரையில் இருக்கும். ரேஷன் கடை அக்கரையில் இருக்கும்.

ஆகவே, ஒரு பாலம் கெட்டுப் போவது என்பது சாலை கெட்டுப் போவது மாதிரி அல்ல. சாலையில் பள்ளம் விழுந்தால் சுற்றிப் போகலாம். பாலம் போனால் ஊரே தீவு ஆகிவிடும்.

நோய் எப்படி வருகிறது?

கான்கிரீட் பாலத்துக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. நம் உடம்புக்குள் எலும்பு இருப்பது போல. கான்கிரீட் என்ற சதை மூடியிருக்கும் வரை கம்பிக்கு ஆபத்து இல்லை.

மேலே மெல்லிய வெடிப்பு விழுகிறது என்று வையுங்கள். அதன் வழியே தண்ணீர் இறங்குகிறது. காற்று இறங்குகிறது. கம்பி துருப் பிடிக்கிறது. துருப் பிடித்த இரும்பு சும்மா இருக்காது. ஊறவைத்த கொண்டைக்கடலை போலப் பருக்கும். பருத்தால் இடம் வேண்டுமே! கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து தள்ளும். காரை பெயர்ந்து விழும். கம்பி பல்லைக் காட்டும். பிறகு இன்னும் அதிகமாகத் தண்ணீர் இறங்கும். இன்னும் துரு.

இடுக்கில் அரசங்கன்று முளைப்பதும் உண்டு. பறவை போட்ட விதை. பார்க்க அழகாக இருக்கும். நாலு இலைதானே என்று விட்டால், வேர் உள்ளே போய் ஆப்பு அடித்த மாதிரி பிளந்துவிடும்.

இதை எல்லாம் விடக் கொடிய நோய் ஒன்று உண்டு. அது மண் அரிப்பு. வெள்ளம் வரும்போது தண்ணீர் பாலத்தின் தூணில் மோதிச் சுழலும். சுழலும் தண்ணீர் தூணின் காலடியில் உள்ள மண்ணைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும். ஈறு தேய்ந்தால் பல் என்ன ஆகும்? ஆடும். தூணுக்கும் அதே கதிதான். உலகத்தில் பாலங்கள் விழுவதற்கு முதல் வரிசையில் நிற்கும் காரணம் இதுதான் என்கிறார்கள் நிபுணர்கள்.

சுத்தியலும் கயிறும்

இதுவரை பாலங்களை யாரும் பார்க்கவில்லையா? பார்க்கிறார்கள். ரெயில்வேயில் ஆண்டுக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்பு ஒரு தடவையும் பின்பு ஒரு தடவையும், ஒவ்வொரு பாலத்தையும் பார்க்க வேண்டும் என்பது விதி. நெடுஞ்சாலைத் துறையும் பார்க்கிறது.

ஆனால் எப்படிப் பார்ப்பது? பாலத்தின் மேலே நடந்தால் தார் ரோடும் கைப்பிடிச் சுவரும்தான் தெரியும். நோய் எல்லாம் அடியில் இருக்கிறது! அடிப்பாகத்தைப் பார்க்கச் சாரம் கட்ட வேண்டும். அல்லது படகில் போக வேண்டும். அல்லது இடுப்பில் கயிறு கட்டி ஆளை இறக்க வேண்டும். வளைந்த கை உள்ள ஒரு லாரியும் இருக்கிறது. பாலத்தின் மேல் நின்றுகொண்டு, கையைக் கீழே வளைத்து, ஆள் நிற்கும் கூண்டைப் பாலத்துக்கு அடியில் கொண்டுபோகும். அதற்காகப் பாதி ரோட்டை அடைக்க வேண்டும். விலையும் அதிகம். கல்வராயன்மலையின் ஒற்றைச் சாலையில் அந்த லாரியை நிறுத்தினால், மலையில் இருந்து வரும் பஸ் எங்கே போகும்?

கூண்டில் ஏறிய என்ஜினீயர் கையில் ஒரு சுத்தியல் இருக்கும். கான்கிரீட்டைத் தட்டிப் பார்ப்பார். "டங்" என்று கேட்டால் நலம். "பொத்" என்று கேட்டால் உள்ளே பிளவு. சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலை மடக்கித் தட்டிப் பார்க்கிறார்களே, அதே வித்தைதான். இன்றைக்கும் அந்த வித்தை செல்லுபடியாகிறது.

பறந்து வந்து பார்க்கிறது

டிரோன் என்பது ஆள் இல்லாத குட்டி விமானம். நாலு மூலையில் நாலு விசிறி. நடுவில் பேட்டரி. முகத்தில் கேமரா. கரையில் நிற்கும் ஒருவர் கையில் உள்ள கருவியைக் கொண்டு ஓட்டுவார். கல்யாண வீடுகளில் தலைக்கு மேலே "ர்ர்ர்" என்று சுற்றிப் படம் பிடிக்கிறதே, அதன் அண்ணன் இது.

பாலத்தைப் பார்க்கும் டிரோனில் மேலே பார்க்கும் கேமராவும் வேண்டும். ஏனென்றால் அது பாலத்துக்கு அடியில் போய், அண்ணாந்து பார்க்க வேண்டும். அங்கே ஒரு சங்கடம். டிரோன் தான் எங்கே இருக்கிறோம் என்பதைச் செயற்கைக் கோளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும். பாலத்துக்கு அடியில் போனால் செயற்கைக் கோளின் சைகை சரியாகக் கிடைக்காது. அதனால் நல்ல டிரோன்களுக்கு நாலா பக்கமும் கண் வைத்திருக்கிறார்கள். சுவரையும் தூணையும் பார்த்துப் பார்த்து, மோதாமல் பறக்கும்.

ஒரு தடவை பேட்டரி போட்டால் சுமார் அரை மணி நேரம் பறக்கும். பிறகு இறக்கி, வேறு பேட்டரி மாட்டி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தோடு கொஞ்சம் ஒட்டி இருக்கும்படி எடுக்கும். வீட்டுக் கூரைக்கு ஓடு வேய்வது போல, ஒன்றின் மேல் ஒன்று. நூற்றுக்கணக்கில், பெரிய பாலமானால் ஆயிரக்கணக்கில் படம்! எல்லாவற்றையும் கம்ப்யூட்டர் ஒட்டி, முழுப் பாலத்தையும் திரையில் எழுப்பிவிடும். என்ஜினீயர் நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். கிட்டப் போய் எடுத்தால், ஒரு தபால் கார்டின் கனம் அளவே உள்ள வெடிப்புகூடத் தெரியும்.

வெப்பத்தைப் பார்க்கும் கேமராவும் உண்டு. காலை வெயில் பட்டதும் கான்கிரீட் சூடாகிறது. உள்ளே பிளவு இருக்கும் இடம் மட்டும் மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் சூடாகும். பிளவில் உள்ள காற்று சூட்டை உள்ளே விடாது. அந்த இடம் படத்தில் வேறு நிறமாகத் தெரியும். சுத்தியல் காதால் கண்டுபிடித்ததை, இது கண்ணால் கண்டுபிடிக்கிறது!

எந்திரம் படித்த பாடம்

சரி, ஆயிரம் படம் வந்துவிட்டது. யார் பார்ப்பது?

ஒரு மனிதர் நூறு படம் பார்ப்பார். இருநூறு பார்ப்பார். அதற்குள் கண்ணில் நீர் வடியும். எல்லாப் படமும் சாம்பல் நிறக் கான்கிரீட்! இங்கேதான் ஏ.ஐ. வருகிறது.

அதற்கு எப்படி வெடிப்பு தெரியும்? குழந்தைக்கு நாம் சொல்லிக்கொடுப்பது போலத்தான். "இது பசு, இது எருமை" என்று காட்டிக்கொண்டே இருந்தால், ஒரு நாள் குழந்தை தானாகவே சொல்கிறது அல்லவா? அது போல, வெடிப்பு உள்ள படம், வெடிப்பு இல்லாத படம் என்று பிரித்து ஆயிரம் ஆயிரமாக எந்திரத்துக்குக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகம் 2018-ல் இப்படி ஒரு படத் தொகுப்பை வெளியிட்டது. பாலத்தின் தளம், சுவர், நடைபாதை ஆகியவற்றில் எடுத்த படங்கள். எத்தனை தெரியுமா? 56 ஆயிரத்துக்கும் மேல்! யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் எந்திரத்துக்குப் பாடம் சொல்லலாம்.

பாடம் படித்த எந்திரம் புதிய படத்தைப் பார்த்ததும், வெடிப்பின் மேல் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அகலம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று கணக்கும் சொல்லும். அடுத்த ஆண்டு அதே இடத்தைப் படம் எடுத்தால், வெடிப்பு வளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுச் சொல்லும். இதுதான் முக்கியம். பழைய வெடிப்பு பழைய தழும்பு மாதிரி. அது பயம் இல்லை. வளரும் வெடிப்புதான் பயம்.

எந்திரம் தவறே செய்யாதா? செய்யும். நிழலைப் பார்த்து வெடிப்பு என்று கூவும். சிலந்தி வலையைப் பார்த்து அலறும். அமெரிக்கப் பாலங்களைப் பார்த்துப் படித்த எந்திரம், நம் ஊர்ப் பாலத்துக்கு வந்தால் திகைத்துப் போகும். தூணில் சினிமா போஸ்டர். அதன் மேல் தேர்தல் போஸ்டர். அதற்கும் மேல் கண்ணீர் அஞ்சலி. பக்கத்தில் வெற்றிலை எச்சில். பாவம், எது துரு, எது வெற்றிலை என்று அதற்கு எப்படித் தெரியும்? நம் பாலத்துக்கு நம் ஊர்ப் படங்களைக் காட்டித்தான் பழக்க வேண்டும். (வெடிப்பை மறைக்கும் போஸ்டரை ஒட்டாமல் இருப்பது அதைவிடச் சுலபமான வழி!)

கடைசி முடிவு என்ஜினீயர் கையில்தான். எந்திரம் "இங்கே பாருங்கள்" என்று விரல் நீட்டும். அவ்வளவுதான்.

இரண்டு ஆண்டு கவனிக்காத வெடிப்பு

விரல் நீட்ட ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவில் நடந்த ஒரு கதையைக் கேளுங்கள்.

மெம்பிஸ் என்பது மிசிசிப்பி ஆற்றின் கரையில் உள்ள ஊர். ஆற்றின் குறுக்கே பிரமாண்டமான இரும்புப் பாலம். பெயர் ஹெர்னாண்டோ டி சோட்டோ பாலம். 1973-ல் திறந்தார்கள். 2021-ம் ஆண்டு மே மாதம் 11-ந் தேதி பாலத்தைப் பரிசோதித்த என்ஜினீயர்கள் ஓர் இடத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார்கள். பாலத்தைத் தாங்கும் முக்கியமான இரும்பு உத்தரத்தில் பெரிய வெடிப்பு! கிட்டத்தட்ட உத்தரமே துண்டாகி இருந்தது. உடனே போலீசுக்குப் போன் செய்து, "பாலத்தை மூடுங்கள்" என்றார்கள். மேலே வாகனங்கள் நின்றன. கீழே ஆற்றில் சரக்குப் படகுகளும் நின்றன.

யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பழைய படங்களைப் புரட்டிப் பார்த்தார்கள். 2019-ல் டிரோன் எடுத்த படத்திலேயே அந்த வெடிப்பு இருந்தது!

இரண்டு ஆண்டுகள். பாலத்தின் மேல் எத்தனை ஆயிரம் குடும்பங்கள் போய் வந்திருக்கும்? டிரோன் பறந்தது, படம் எடுத்தது, வெடிப்பு படத்தில் விழுந்தது. பார்த்தவர் கண்ணில் படவில்லை. படம் எடுப்பது பாதி வேலை. படத்தைப் பார்ப்பது மீதிப் பாதி. ஏ.ஐ. எதற்கு என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு கதை போதும்.

அதே அமெரிக்காவில், 1967-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 15-ந் தேதி மாலை, ஒகையோ ஆற்றின் மேல் இருந்த "வெள்ளிப் பாலம்" ஒரு நிமிடத்துக்குள் விழுந்தது. மாலை நேரம். பாலம் நிறையக் கார்கள். 46 பேர் இறந்தார்கள். பாலத்தைத் தாங்கிய இரும்புப் பட்டைகளில் ஒன்றில் விழுந்த வெடிப்புதான் காரணம். வெடிப்பின் ஆழம் எவ்வளவு? இரண்டரை மில்லி மீட்டர். ஓர் அரிசியின் கனம்! அதற்குப் பிறகுதான், நாட்டில் உள்ள பாலங்களை எல்லாம் முறையாகப் பரிசோதிக்க வேண்டும் என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது.

பாம்பனில் ஒலித்த எச்சரிக்கை

டிரோன் ஆண்டுக்கு ஒரு தடவை, இரண்டு தடவை வந்து பார்க்கும். இரவும் பகலும் கூடவே இருந்து நாடி பார்க்கும் கருவிகளும் உண்டு. அதை நம் தமிழ்நாட்டிலேயே பார்த்தோம்.

ராமேசுவரத்துக்குப் போகும் பாம்பன் ரெயில் பாலம் 1914-ல் திறந்தது. கடலுக்குள் இரண்டு கிலோ மீட்டருக்கு மேல் நீளம். கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து மேலே தூக்கும். 1964-ம் ஆண்டு புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பன் பாலமும் அடி வாங்கியது. அதைச் செப்பனிட்டு மறுபடி ரெயில் விட்டார்கள். ஆனால் உப்புக் காற்று விடுமா? நூறு ஆண்டுகளாக இரும்பைத் தின்றது.

தூக்கும் பகுதியில் சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்களின் உதவியோடு உணர்கருவிகள் பொருத்தினார்கள். ரெயில் போகும்போது இரும்பு எவ்வளவு நெளிகிறது, எவ்வளவு அதிர்கிறது என்று அவை சொல்லிக்கொண்டே இருக்கும். 2022-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 23-ந் தேதி கருவி எச்சரித்தது. ரெயில் போக்குவரத்தை நிறுத்தினார்கள். துரு பலத்தைத் தின்றுவிட்டது என்று தெரிந்ததும், பழைய பாலத்தில் பயணிகளை ஏற்றுவதையே கைவிட்டார்கள். பக்கத்தில் கட்டிய புதிய பாலம் 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 6-ந் தேதி திறந்தது.

கருவி எச்சரித்தது, அதிகாரிகள் கேட்டார்கள், ரெயில் நின்றது. ராமேசுவரம் யாத்திரை போகிறவர்கள் இரண்டு ஆண்டுக்கு மேல் மண்டபத்தில் இறங்கி, பஸ் பிடித்துப் போனார்கள். சிரமம்தான். ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

இத்தாலியில் ஜெனோவா நகரத்தில் 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி மொராண்டி பாலம் விழுந்து 43 பேர் இறந்தார்கள். அங்கே 2020-ல் புதிய பாலம் திறந்தபோது, பாலத்தின் ஓரத்திலேயே தண்டவாளம் போட்டு, அதில் ஓடியபடி அடிப்பாகத்தைப் படம் எடுக்கும் ரோபோக்களுக்கும் ஏற்பாடு செய்தார்கள். டாக்டரையே வீட்டோடு வைத்துக்கொண்ட மாதிரி!

டிரோனுக்குத் தெரியாத இடம்

இத்தனையும் சொன்ன பிறகு, டிரோனால் முடியாததையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அது விளம்பரம் ஆகிவிடும்.

டிரோன் தண்ணீருக்கு மேலேதான் பார்க்கும். தண்ணீருக்குக் கீழே, மண்ணுக்குக் கீழே என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது.

1956-ம் ஆண்டு நவம்பர் மாதம் 23-ந் தேதி. அரியலூர் பக்கம் மருதையாற்றில் வெள்ளம். சென்னையில் இருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. விடிவதற்கு முன்பு. வண்டியில் எல்லோரும் தூக்கம். வெள்ளம் பாலத்தின் அடியை அரித்துப் போட்டிருந்தது. ரெயில் ஆற்றில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அப்போது ரெயில்வே மந்திரியாக இருந்த லால்பகதூர் சாஸ்திரி பொறுப்பு ஏற்றுப் பதவியை விட்டார். தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறைக்கு "அரியலூர் ரெயில் விபத்து" என்றால் இன்றும் நெஞ்சு பதறும்.

பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2024-ம் ஆண்டு நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் கரை கடந்தது. தென்பெண்ணையில் பெருவெள்ளம். சாத்தனூர் அணையில் இருந்து நொடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கனஅடி தண்ணீர் திறந்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவே கட்டிய உயர்மட்டப் பாலத்தை வெள்ளம் அடித்துப் போனது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் பக்கத்து ஊர்தான் அது. பாலம் திறந்து மூன்றே மாதம் ஆகியிருந்தது. செலவு சுமார் 16 கோடி ரூபாய். கணக்குப் போட்ட அளவைவிடப் பல மடங்கு வெள்ளம் வந்ததுதான் காரணம் என்று அரசு விளக்கியது.

மூன்று மாதப் பாலத்தில் வெடிப்பு ஏது, துரு ஏது? அதன் மேல் எத்தனை டிரோன் பறந்தாலும், "பாலம் நலம்" என்றுதான் படம் சொல்லியிருக்கும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு. எவ்வளவு வெள்ளம் வரும் என்று கணக்குப் போட்டோம்? மழை மாறிவிட்டதே, பழைய கணக்கு இன்னும் செல்லுமா? இதைக் கேட்கக் கேமரா தேவை இல்லை.

தண்ணீருக்கு அடியில் பார்க்கவும் எந்திரம் வந்துவிட்டது என்பது உண்மை. சென்னை ஐ.ஐ.டி.யில் பிறந்த "பிளானிஸ் டெக்னாலஜீஸ்" என்ற நிறுவனம், நீருக்குள் நீந்திப் போய்ப் பாலத் தூண்களையும் அணைகளையும் படம் பிடிக்கும் எந்திரங்களைச் செய்கிறது. கலங்கிய தண்ணீரில் கேமராவுக்குக் கண் தெரியாது. அப்போது ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கொண்டு பள்ளத்தை அளக்கலாம். வவ்வால் இருட்டில் பறப்பது இப்படித்தான். தூணின் காலடியில் போன ஆண்டு எவ்வளவு மண் இருந்தது, இந்த ஆண்டு எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம். ஆற்று மணலை அள்ளியதும் கணக்கில் தெரிந்துவிடும் என்பதால், சிலருக்கு இந்த எந்திரம் பிடிக்காமல் போகலாம்!

சிறிய பாலத்தின் முறை எப்போது வரும்?

இந்தியாவில் 2016-ல் மத்திய அரசு பாலங்களுக்குக் கணக்கு எடுக்கத் தொடங்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாலங்களுக்கு, ஆதார் மாதிரி, ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார்கள். 2021-ல் இருந்து தேசிய நெடுஞ்சாலை வேலைகளை மாதம் ஒரு தடவை டிரோன் மூலம் படம் எடுக்க வேண்டும் என்று நெடுஞ்சாலை ஆணையம் உத்தரவு போட்டது.

நல்லதுதான். ஆனால் பெரிய சாலைக்குக் கிடைப்பது சின்னச் சாலைக்கும் கிடைக்க வேண்டுமே! ஊராட்சிச் சாலையில், ஓடையின் மேல், யாரோ எப்போதோ கட்டிய பாலம் எத்தனை இருக்கிறது? அதன் அடியில் கடைசியாக எட்டிப் பார்த்தது ஆடு மேய்க்கும் பையனாகத்தான் இருக்கும்.

ஜப்பானுக்கும் இதே கவலை வந்தது. 2012-ல் சசாகோ என்ற மலைச் சுரங்கப்பாதையின் மேல்தளம் இடிந்து 9 பேர் இறந்தார்கள். 2014-ல் இருந்து எல்லாப் பாலத்தையும் சுரங்கப்பாதையையும் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும் என்று விதி செய்தார்கள். நாட்டில் 7 லட்சம் பாலங்கள்! பெரும்பாலும் சிறிய ஊர்களின் பொறுப்பில் உள்ளவை. அங்கே போதிய என்ஜினீயர்கள் இல்லை. ஆகவே 2019-ல் விதியைத் திருத்தி, டிரோன் போன்ற கருவிகளையும் பயன்படுத்த இடம் கொடுத்தார்கள். ஆள் பற்றாத சிறிய ஊருக்குத்தான் டிரோன் அதிகம் உதவும் என்பது என் எண்ணம். நகரத்துப் பெரிய பாலத்துக்கு லாரியும் வரும், கூண்டும் வரும். மலைக் கிராமத்துப் பாலத்துக்கு ஒரு பெட்டியில் அடங்கும் டிரோன்தான் வரும்.

படம் வந்த பிறகு பாலத்தைச் செப்பனிடப் பணமும் வேண்டும். மனமும் வேண்டும். குஜராத்தில் 2025-ம் ஆண்டு ஜூலை மாதம் 9-ந் தேதி, மாகி ஆற்றின் மேல் இருந்த கம்பீரா பாலம் உடைந்தது. வாகனங்கள் ஆற்றில் விழுந்தன. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 1985-ல் திறந்த பாலம் அது. பாலம் ஆடுகிறது என்று அந்தப் பகுதி மக்கள் முன்பே புகார் செய்திருந்தார்கள் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தது. அங்கே டிரோன் இல்லாதது குறையா? ஜனங்களின் கண்ணே பார்த்துவிட்டதே!

யார் ஓட்டலாம்?

டிரோன் ஓட்டுவது கம்ப சூத்திரம் அல்ல. ஆனால் சட்டம் உண்டு. 2021-ம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, எந்த இடத்தில் பறக்கலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். பச்சைப் பகுதியில் 400 அடி உயரம் வரை பறக்கலாம். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் கூடாது. 250 கிராமுக்கு உட்பட்ட பொம்மை போன்றவற்றுக்குக் கெடுபிடி குறைவு. பாலம் பார்க்கும் டிரோன் அதைவிடக் கனமானது. அதை ஓட்ட முறையான பயிற்சியும் சான்றிதழும் வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். வயது 18-க்குக் குறையக் கூடாது; 65-ஐத் தாண்டக் கூடாது.

பயிற்சிக்கு டெல்லிக்குப் போக வேண்டாம். சென்னை குரோம்பேட்டையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம் இதில் பேர் பெற்றது. நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த "தக்‌ஷா" மாணவர் குழு அங்கே உருவானதுதான். 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த டிரோன் போட்டியில் அந்தக் குழு இரண்டாம் இடம் பிடித்தது. தமிழ்நாடு அரசும் 2022-ல் ஆளில்லா விமானங்களுக்கென்றே தனிக் கழகம் தொடங்கியது. வயலுக்கு மருந்து தெளிக்க டிரோன் ஓட்டும் இளைஞர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். பெண்களும் ஓட்டுகிறார்கள். மருந்து தெளிக்கக் கற்ற கை, பாலத்தைப் படம் பிடிக்கக் கற்க அதிக நாள் ஆகாது.

கல்வராயன்மலை மாதிரி இடத்துக்குப் பாலம் பார்க்க வருகிறவர்கள், பெட்டியைத் திறப்பதற்கு முன்பு ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்வது நல்லது. பாலத்துக்கு அடியில் மலைத்தேன் கூடு இருக்கிறதா? உயரமான பாலத்தின் அடிப்பாகம் என்றால் மலைத்தேனீக்கு மிகவும் பிடிக்கும். விசிறிச் சத்தம் கேட்டு அது கலைந்தால், டிரோனை விட்டுவிட்டுக் கரையில் நிற்கிற டாக்டரைத்தான் முதலில் துரத்தும்.